பழைய ரெட்மியின் பூட்லோடரைத் திறக்கும் முன்

எங்கள் வீட்டில் 2017-இல் வாங்கிய ரெட்மி நோட் 4 ஒன்று கிடக்கிறது. பேட்டரி இன்னும் தெம்பாக இருக்கிறது, ஆண்ட்ராய்டுதான் 7-லேயே நின்றுவிட்டது. அம்மாவுக்குப் பாட்டு கேட்கவும் அக்காவிடம் பேசவும் இது போதுமே என்று போன மாதம் லீனியேஜ் ஓஎஸ் (ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட இலவச மாற்று மென்பொருள்) ஏற்றிக் கொடுத்தேன்.

இதற்கு முன் வேறொரு போனில் இதே வேலையைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவன் நான். பூட்லோடர் என்பது போனை ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரல். அதன் பூட்டைத் திறந்தால்தான் வேறு மென்பொருளை ஏற்ற முடியும். ஆனால் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் போனைத் திருடியவன் வேறு மென்பொருளை ஏற்றி உங்கள் படங்களைப் பார்த்துவிடுவான். இதெல்லாம் தெரிந்தும், 'நம்பரெல்லாம் கூகுளில் இருக்கும்' என்று தைரியமாகத் திறந்தேன். பாதி நம்பர் போனிலேயே சேமித்தவை. கேஸ்காரர், பிளம்பர், மாடி வீட்டுக்காரர் எல்லோரும் ஒரே நொடியில் போய்விட்டார்கள்.

அதனால் முதல் வேலை நம்பர்கள்தான். கான்டாக்ட்ஸ் அமைப்புகளில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் எல்லாம் ஒரே விசிஎஃப் கோப்பாக வரும். அதை இன்னொரு போனுக்கு அனுப்பித் திறந்து, எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

படங்களை யூஎஸ்பி கேபிள் போட்டுக் கணினிக்கு மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கோப்பு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். வாட்ஸ்அப்பில் சாட் பேக்கப் கொடுத்துவிட்டு, அதன் கோப்புறையை முழுசாகக் கணினியில் எடுத்து வையுங்கள். பிறகு அதே எண்ணில் வாட்ஸ்அப்பைத் திறக்கும் முன் அதைப் பழைய இடத்திலேயே வைத்தால், ரீஸ்டோர் செய்யவா என்று கேட்கும். அப்புறம், கூகுள் பாஸ்வேர்டைத் தாளில் எழுதுங்கள். அம்மாவின் பாஸ்வேர்டு அம்மாவுக்கே தெரியாது. அதை மாற்றவே எனக்கு ஒரு மாலை போனது.

இனி திறக்கும் வேலை. 'அபவுட் போன்' பக்கத்தில் மியூஐ வெர்ஷனை 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும். அதில் ஓஇஎம் அன்லாக்கிங், யூஎஸ்பி டீபக்கிங் இரண்டையும் போட்டு, அங்கேயே மி கணக்கையும் (ரெட்மியைத் தயாரிக்கும் ஷாவ்மியின் கணக்கு) இணைக்க வேண்டும். கணினியில் மி அன்லாக் மென்பொருள் எனக்கு 168 மணி நேரம் காத்திருக்கச் சொன்னது. சரி, ஒரு வாரம்தானே. அந்த வாரத்தில் கணக்கிலிருந்து வெளியேறாதீர்கள். பிறகு பவரையும் வால்யூம் கீழ்ப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால், தொப்பி போட்ட முயல் ஒன்று ஆண்ட்ராய்டு பொம்மையைப் பழுது பார்க்கும் படம் வரும். அதுதான் ஃபாஸ்ட்பூட், கணினியிலிருந்து போனுக்கு மென்பொருளை ஏற்ற உதவும் நிலை. கேபிளைச் செருகி அன்லாக்கை அழுத்தியதும் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

லீனியேஜ் கோப்பை இறக்கும்போது போனின் குறிப்பெயரைப் பாருங்கள். நம் ஊரில் விற்ற ஸ்னாப்டிராகன் 625 நோட் 4-இன் பெயர் மிடோ. சீனாவில் விற்ற மீடியாடெக் நோட் 4 வேறு, அதன் பெயர் நிக்கல். ஒன்றுக்கு உரியதை மற்றதில் ஏற்றக் கூடாது. ஃபாஸ்ட்பூட்டில் புது ரெக்கவரியை (மென்பொருளை நிறுவ உதவும் சிறு நிரல்) ஏற்றி, பவரோடு வால்யூம் மேல் பொத்தானை அழுத்தி அதற்குள் போய், ஃபார்மேட் டேட்டா கொடுத்து, ஏடிபி சைட்லோட் (கணினியிலிருந்து கேபிள் வழியாகக் கோப்பை அனுப்பி நிறுவும் கட்டளை) வழியாக லீனியேஜ் ஜிப்பை அனுப்பினேன். கணினித் திரையில் 47 சதவீதத்தில் நின்றது. பதறிப்போய்க் கேபிளைப் பிடுங்காதீர்கள். சில சமயம் அங்கேயே நின்றாலும் வேலை முடிந்திருக்கும். போன் திரையைத்தான் பார்க்க வேண்டும். பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுள் ஆப் தொகுப்பையும் முதல் பூட்டுக்கு முன்பே ஏற்றிவிடுங்கள். முதல் பூட்டுக்குக் கால் மணி நேரம் வரை விட்டுவிடலாம்.

பூட்லோடர் திறந்த போனில் வங்கி ஆப்கள் பல அடம்பிடிக்கும். பணம் அனுப்பும் போன் என்றால் இந்த வேலையே வேண்டாம். அம்மா அதற்கெல்லாம் வேறு போன் வைத்திருக்கிறார்.

அலங்காரம் பெரிதாக ஒன்றுமில்லை. மொழி தமிழ், எழுத்து பெரிது. முகப்பில் நான்கே ஐகான்கள். கான்டாக்ட் விட்ஜெட்டில் டைரக்ட் டயல் ஒன்று, தட்டினால் நேராக அக்காவுக்குப் போகும். முதல் நாளே அம்மா அதை ஒன்பது தடவை தட்டிவிட்டார். கண்ணாடி தேடும்போது கை பட்டதாம்.