கல்யாணப் பிரசங்கத்தில் வரும் அந்த வாக்கியம்: வேத விளக்கவுரையைப் படிப்பது எப்படி?

கடலூர்ப் பக்கம் கிறிஸ்தவக் கல்யாணங்களுக்குப் போகிறவர்கள் இதை ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். தேவன் ஏவாளை ஆதாமின் தலையிலிருந்து எடுக்கவில்லை, அவள் அவனை ஆளக்கூடாது என்பதற்காக; காலிலிருந்தும் எடுக்கவில்லை, அவன் அவளை மிதிக்கக்கூடாது என்பதற்காக; விலாவிலிருந்து எடுத்தார், இதயத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக. மஞ்சக்குப்பத்தில் கேட்டேன், நெல்லிக்குப்பத்தில் கேட்டேன், பாண்டியிலும் கேட்டேன். பலர் இதை வசனம் என்றே நினைக்கிறார்கள். ஆதியாகமம் 2-ஐத் திறந்து பாருங்கள், அங்கே விலா எலும்பு மட்டும்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் மத்தேயு ஹென்றி என்ற ஆங்கிலேயப் போதகர் எழுதிய விளக்கவுரை, அதாவது வேதத்தைப் பகுதி பகுதியாக விளக்கும் நூல். அதே கருத்தை 12-ஆம் நூற்றாண்டிலேயே பீட்டர் லொம்பார்டு என்ற இறையியலாளர் எழுதிவிட்டார்.

எங்கள் சபையில் வாலிபர்களுக்கு வேதபாடம் எடுக்கிறேன். முதல் தடவை சபையில் செய்தி கொடுக்க, அதாவது பிரசங்கிக்கப் போகிறவர்கள் வந்து கேட்பது, "அண்ணே, எந்த விளக்கவுரை நல்லது?" என்றுதான். எதுவானாலும் சரி, முதல் இரண்டு நாள் அதைத் திறக்காதீர்கள். பேசப்போகும் வேதப்பகுதியை நாலைந்து முறை வாசியுங்கள். பழைய திருப்புதலையும் (நம் சபைகளில் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு) 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் (திருவிவிலியத்தில் ஆதியாகமத்தின் பெயர் தொடக்கநூல், தேடித் தடுமாற வேண்டாம்). புரியாததை நோட்டில் கேள்வியாக எழுதுங்கள். கேள்வி இல்லாமல் விளக்கவுரைக்குப் போனால் அதை எழுதியவர் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட்டு வருவோம், நமக்கு என்று ஒன்றும் கிடைத்திருக்காது.

அப்புறம் எழுதியவர் யார், யாரிடம் பேசினார் என்று பாருங்கள். இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். இந்த உரைகள் பல, பிரசங்க மேடையில் பிறந்தவை. மத்தேயு ஹென்றி இங்கிலாந்தின் செஸ்டர் ஊரில் போதகராக இருந்தார். ஞாயிறு காலையில் பழைய ஏற்பாட்டையும் பிற்பகலில் புதிய ஏற்பாட்டையும் வரிசையாக விளக்கி வந்தார். 1704-இல் எழுத ஆரம்பித்து, அப்போஸ்தலர் நடபடிகள் வரை முடித்து, 1714-இல் இறந்துபோனார். அதே 1714-இல்தான் நமக்குத் தெற்கே தரங்கம்பாடி அச்சகத்தில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கின் தமிழ்ச் சுவிசேஷங்களும் நடபடிகளும் அச்சாகி வந்தன, நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது. ரோமர் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை மற்ற போதகர்கள் எழுதி முடித்தது. ஆகவே ரோமரைப் பேசும்போது "மத்தேயு ஹென்றி சொல்கிறார்" என்று சொல்லாதீர்கள்.

கிறிசோஸ்தோம் 4-ஆம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் பேசிய பிரசங்கியார். மத்தேயு சுவிசேஷத்துக்கு மட்டும் அவருடைய 90 பிரசங்கங்கள் இருக்கின்றன. வசனத்தை விளக்கிக்கொண்டே வருவார், முடிவில் ஊரில் பட்டினி கிடக்கிறவனிடம் வந்து நிற்பார். கிறிஸ்துவின் பந்தியில் பொற்கிண்ணங்கள் நிறைந்திருக்க, அவரே பசியால் வாடினால் என்ன பயன் என்று 50-ஆவது பிரசங்கத்தில் கேட்கிறார். கோவில் கட்ட நன்கொடை வசூலிக்கும் எந்த ஊரிலும் இதைப் படிக்க வேண்டும்.

சங்கீதம் என்றால் 19-ஆம் நூற்றாண்டு லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜன் எழுதிய ஏழு தொகுதிகள். அவருடைய விளக்கம், பழைய ஆசிரியர்களின் மேற்கோள்கள், அதன்பின் கிராமப் பிரசங்கிகளுக்கான குறிப்புகள் என்று ஒவ்வொரு சங்கீதத்துக்கும் கொடுத்திருக்கிறார். அந்தக் கடைசிப் பகுதி நம்மைப் போன்றவர்களுக்காகவே எழுதியது. 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் சுருக்கமாக, நேராக எழுதுவார், ஆனால் வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அவர் உரை எழுதவில்லை.

படித்ததைச் சோதித்தும் பாருங்கள். விலா எலும்பு என்ற இடத்தில் வரும் எபிரெயச் சொல் "ட்சேலா". யாத்திராகமம் 25:12-இல் உடன்படிக்கைப் பெட்டியின் பக்கத்தைக் குறிக்க வருவதும் அதே சொல்தான். ஆக "பக்கத்தில் நிற்பவள்" என்று பேச மூலமொழியில் இடம் இருக்கிறது. தலை, கால் என்பது போதகரின் சொல்லழகு. இரண்டையும் பிரித்துச் சொன்னால் கல்யாண வீட்டில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சபைகள் வேறுபடும் இடத்தில் ஒருவரை மட்டும் படித்துவிட்டு எழுந்து நிற்காதீர்கள். அப்போஸ்தலர் 16:33-இல் சிறைச்சாலைக்காரனும் அவன் வீட்டாரும் ஞானஸ்நானம் பெறுகிறார்கள்; வீட்டாரில் குழந்தைகளும் உண்டா என்பதில்தான் சபைகள் வேறுபடுகின்றன. ஹென்றி குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்றவர், ஜான் கில் என்ற உரையாசிரியர் பாப்டிஸ்டு, அதை ஏற்காத சபையைச் சேர்ந்தவர். இருவரையும் ஒரே மாலையில் படியுங்கள். நம் சபை எந்தப் பக்கம் என்றாலும், எதிர்ப்பக்கத்தாரின் காரணத்தை அவர்கள் ஒப்புக்கொள்ளும் விதத்தில் சொல்லத் தெரிந்த பிறகு பேசுங்கள்.

இந்தப் பழைய உரைகளுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது, ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றும் தமிழ் பிடிஎஃப்களை நம்பி மேற்கோள் காட்டாதீர்கள், சிலவற்றில் இயந்திர மொழிபெயர்ப்பு அர்த்தத்தையே புரட்டிவிடுகிறது. ஆங்கிலம் கடினமாக இருந்தால் ஒரு பத்தியை மட்டும் எடுத்து, வீட்டில் படித்த பிள்ளை யாரையாவது உட்காரவைத்துச் சேர்ந்து படித்து, உங்கள் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு செய்திக்கு ஒரு மேற்கோள் போதும், எழுதியவர் பெயரோடு.