கள்ளுக்குப் பழகிய நாக்கால் கிராஃப்ட் பீருக்கு மார்க் போடுவது எப்படி?

நான் சித்தூர்க்காரன். ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். வேலந்தாவளம் பக்கம். காலையில் இறக்கிய கள் சாயந்திரத்துக்குள் எவ்வளவு புளித்திருக்கும் என்று மோந்து பார்த்தே சொல்லும் ஆட்கள் எங்கள் ஊரில் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் முதல் தடவை பெங்களூரில் ஒரு மைக்ரோப்ரூவரிக்கு, அதாவது சின்ன அளவில் தாங்களே கிராஃப்ட் பீர் காய்ச்சி விற்கும் கடைக்குப் போய், மெனுவில் இருந்த ஆறு பீரையும் மனம்போன வரிசையில் குடித்தேன். வறுத்த வாசனை அடிக்கும் கறுப்பு பீரான ஸ்டவுட்டில் ஆரம்பித்தேன், அப்புறம் கசப்பு தூக்கலான ஐபிஏ, கடைசியாகக் கோதுமை பீர். அது வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. ‘ஐந்துக்கு ஒன்று’ என்று எழுதி வைத்தேன். ஆறு மாதம் கழித்து அதே கடையில் அதே பீரை முதலில் குடித்தால், பூவன் பழத்தை உரித்த மாதிரி வாசனை!

அதனால் முதல் வேலை, வரிசையைச் சரிசெய்வது. லேசான, வெளிர்நிற பீர்களான லாகர் அல்லது பிளாண்ட், அப்புறம் கோதுமை பீர்கள், பிறகு புளிப்பும் பழமும் சேர்ந்தவை, அதற்குப் பிறகு ஐபிஏ, கடைசியில் ஸ்டவுட். கசப்பும் வறுத்த வாசனையும் நாக்கில் ஏறிவிட்டால் லேசுப்பட்டவை எடுபடாது.

முழு கிளாஸ் வாங்க வேண்டாம், ‘சாம்ப்ளர்’ என்று கேளுங்கள். 100 மில்லி கிளாஸ் ஆறு வந்தாலே 600 மில்லி, அதாவது கிட்டத்தட்ட ஒரு பெரிய பாட்டில். ஆகவே வண்டி எடுக்காமல் போங்கள். கேரளத்தில் 23 வயது ஆகாதவர்களுக்கு மது கிடையாது, இந்தப் பாடமும் அதுவரை காத்திருக்கட்டும்.

பக்கத்தில் சாதாரணத் தண்ணீரும் கொஞ்சம் பொரியோ வெறும் பிரெட்டோ இருந்தால் போதும். சில்லி சிக்கனை முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். காரம் ஏறிய வாயில் எல்லா பீரும் ஒன்றுதான். தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது: பீரில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். எங்களுக்குப் பக்கத்து எலப்புள்ளியில் மதுபான ஆலை வரப்போகிறது என்று 2025-இல் பேச்சு கிளம்பியபோது, நிலத்தடி நீரைச் சொல்லித்தான் எதிர்ப்பும் கிளம்பியது.

சரி, கிளாஸ் வந்துவிட்டது. பார்ப்பதற்குப் பத்து விநாடி போதும். நிறம், நுரை, தெளிவு. கோதுமை பீர் கலங்கலாக இருப்பது அதன் இயல்பு, லாகர் கலங்கியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மூக்குக்குத்தான் உண்மையான வேலை. கிளாஸை லேசாகச் சுழற்றி, நாய் மோப்பம் பிடிப்பது போலச் சின்னச் சின்னதாக இழுங்கள். ஜெர்மன் பாணிக் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் வரும். இரண்டையும் யாரும் போடவில்லை, ஈஸ்ட் உண்டாக்கியது. பெல்ஜியப் பாணிக் கோதுமை பீரான ‘விட்’டில் வரும் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் நிஜமாகவே போட்டவை. ஐபிஏயில் வரும் எலுமிச்சை, மாம்பழ வாசனைகள் பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவிலிருந்து வருபவை.

கெட்ட வாசனைகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். லாகரில் சினிமா தியேட்டர் பாப்கார்ன் போல வெண்ணெய் வாசனை வந்தால் அது டைஅசிட்டைல் என்ற வேதிப்பொருள், நொதிப்பு சரியாக முடியவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். வேகவைத்த சோளம் மணத்தால் டிஎம்எஸ் என்ற கந்தகச் சேர்மம். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் காற்றுப்பட்டுப் பழசானது. காடி வாசனை என்றால் பாக்டீரியா புகுந்திருக்கிறது. நமக்கு இந்தக் கடைசி ஒன்றில்தான் ஆபத்து, கீழே சொல்கிறேன்.

இப்போது குடியுங்கள். நாக்கு நனைவது போல இல்லை, ஒரு நல்ல வாய். வாய்க்குள் சுற்றவிட்டு விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். ஒயின் ருசிப்பவர்கள் போலத் துப்ப வேண்டியதில்லை. பீரின் கசப்பு விழுங்கிய பிறகுதான் முழுசாகத் தெரியும். அரை கிளாஸை மிச்சம் வைத்துப் பத்து நிமிடம் கழித்து மறுபடி குடித்துப் பாருங்கள். அதிகக் குளிர்ச்சி ருசியை அமுக்கிவிடும். குறிப்பாக ஸ்டவுட், 10 டிகிரியைத் தாண்டினால்தான் காபியும் சாக்லேட்டும் வெளியே வரும்.

மார்க் போட, பீர் போட்டி நடுவர்களுக்கான அமெரிக்காவின் பிஜேசிபி அமைப்பின் 50 மார்க் முறை எனக்குப் பிடிக்கும். வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதைக் கவனியுங்கள், ஃபோட்டோ எடுப்பதிலேயே நேரத்தைக் கழிக்கும் நண்பர்களிடம் காட்டலாம். 38-க்கு மேல் போனால் அருமையான பீர். 21-க்குக் கீழே என்றால் ஏதோ கோளாறு.

ஆரம்பத்தில் எல்லோரும் சறுக்குவது இங்கேதான். அந்த பீர் தன் வகைக்கு எப்படி இருக்கிறது என்பதற்குத்தான் மார்க், உங்களுக்குப் பிடித்ததா என்பதற்கு அல்ல. கசக்கிறது என்று ஐபிஏவுக்கு மார்க் குறைப்பது, பாகற்காய்ப் பொரியல் கசக்கிறது என்று சமைத்தவரைத் திட்டுவது போல. உங்கள் விருப்பத்தைப் பக்கத்தில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான். இன்னொன்று, எழுதி முடிக்கும்வரை மேசையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் ‘மாம்பழம்’ என்று சொன்னால் போதும், அத்தனை பேருக்கும் மாம்பழம் மணக்க ஆரம்பித்துவிடும்.

போன தடவை என் மச்சானும் வந்திருந்தான். ஒரு கோதுமை பீருக்கு நான் 12 போட்டிருந்தேன், அவன் 45. “நம்ம சாயந்திரக் கள்ளு மாதிரியே சுள்ளுனு இருக்குடா!” என்றான். அதேதான் பிரச்சினை, சாயந்திரக் கள்ளில் இருக்க வேண்டிய காடிப் புளிப்பு கோதுமை பீரில் இருக்கக் கூடாது. பரிமாறும் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் போய் அந்தக் குழாயை மூடிவிட்டு, எங்களுக்கு வேறு பீர் கொண்டுவந்து வைத்தார்.

மச்சானின் நோட்டில் அந்த 45 இன்னும் அப்படியே இருக்கிறது.