கோலமும் வடையும் பயிற்சி ஆகா: பல்லின வகுப்பறைக்கு ஆசிரியரைத் தயார்ப்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர்ப் பள்ளியில் ஆசிரியர் மேம்பாட்டுப் பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்கள் பல்லினக் கல்வி, சமவாய்ப்பு என்று ஒரு பயிற்சிக்குத் திட்டம் போட்டால், பழைய திட்டத்தாளில் தேதியை மட்டும் மாற்றியதுபோல் இருக்கிறது. பேச்சாளர் தாமதமாக வருவது, ஒலிவாங்கி மக்கர் செய்வது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். ஒருமுறை பட்டால் அவை தாமாகச் சரியாகிவிடும். ஆண்டுக்கணக்கில் சரியாகாதவை வேறு.

பண்டிகை அறிமுகத்தைப் பயிற்சி என்று எண்ணுவது

1964 ஜூலை 21 அன்று மூண்ட இனக் கலவரத்தை நினைவுகூர்ந்து, 1997 முதல் பள்ளிகளில் இன நல்லிணக்க நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. மாணவர்களுக்கு அது வேண்டியதுதான். அதே அச்சில் ஆசிரியர் பயிற்சியையும் வார்ப்பதுதான் கோளாறு.

ஜூன் விடுமுறை முடிந்த கையோடு தமிழ் ஆசிரியருக்கு மின்னஞ்சல் வரும்: “இந்தியப் பண்பாடு பற்றி அரை மணி நேரம் பேச முடியுமா? கோலம் போட்டுக் காட்டினால் நன்றாக இருக்கும்.” மறுத்தால் ஒத்துழைக்காதவர் என்று பெயர் வரும். அவரும் கோலமாவு வாங்கி, வடைக்குச் சொல்லிவைத்து, புடவை கட்டி வந்து நிற்பார். மலாய் ஆசிரியர் பாத்தேக் துணியோடு வருவார். எல்லாரும் படம் எடுத்துக்கொள்வார்கள், கருத்துப் படிவத்தில் பாராட்டு குவியும். மறுநாள் கணிதப் பாடத்தில் எதுவும் மாறியிருக்காது.

இதில் முதல் இழப்பு அந்தத் தமிழ் ஆசிரியருக்கு. அவரும் பயிற்சி பெற வேண்டியவர்தான், ஆனால் அந்த நேரம் முழுக்க அவர் உபசரிப்பாளர். அடுத்த இழப்பு பிள்ளைகளுக்கு. பதிவேட்டில் ‘இந்தியர்’ என்ற ஒரே சொல்லுக்குள் தமிழ்ப் பிள்ளையும் இருக்கும், மலையாளிப் பிள்ளையும் இருக்கும். தாய்மொழிப் பாடமாக இந்தியோ பஞ்சாபியோ உருதுவோ எடுக்கும் பிள்ளையும் இருக்கும். கோலத்தைப் பார்த்துவிட்டுப் போன ஆசிரியர் தமிழ் முஸ்லிம் பிள்ளையிடம், “தீபாவளிக்கு வீட்டில் என்ன பலகாரம்?” என்று கேட்பார். 2011 முதல் ஒரு பிள்ளைக்கு இரட்டை இனப் பெயரைப் பதியவே வழி இருக்கும்போது, நம் பயிற்சி மட்டும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற நான்கு பெட்டிகளை விட்டு வெளியே வருவதில்லை.

மூன்றாவது இழப்பே பெரியது. பண்பாடு என்பது ‘அவர்களிடம்’ உள்ள ஒன்று என்று ஆசிரியர் கற்றுக்கொண்டு போகிறார். யாரிடம் கேள்வி கேட்கிறோம், யாருக்காகக் காத்திருக்கிறோம், யாரை ஜி3 என்னும் மிகக் கடினமான பாடநிலைக்குப் பரிந்துரைக்கிறோம் என்ற அவருடைய சொந்த முடிவுகளை யாரும் தொடுவதே இல்லை. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் நீங்கிவிட்டன. வெவ்வேறு நிலைகளில் பாடம் படிக்கும் பிள்ளைகள் இப்போது ஒரே வகுப்பில் கலந்து உட்காருகிறார்கள். ஆசிரியரின் அன்றாட முடிவுகளுக்கு முன்னைவிடக் கனம் கூடியிருக்கிறது.

மாற்றாகச் செய்யக்கூடியது இது. பத்து வாரத் தவணையில் இரண்டாம் வாரம் ஒரு மணி நேரச் சந்திப்பு. மூன்று முதல் ஐந்தாம் வாரம் வரை ஆசிரியர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் 20 நிமிடம். பார்ப்பவர் கையில் இருக்கை வரைபடம் உள்ள ஏ4 தாள் ஒன்று போதும். கேள்வி கேட்கப்பட்ட பிள்ளையின் கட்டத்தில் ஒரு கோடு போடுவார். ஒரு சொல்லில் முடியும் கேள்விக்கு நேர்க்கோடு, ‘ஏன்’, ‘எப்படி’ என்று விளக்கம் கேட்டால் சாய்கோடு. பதில் வருமுன் 3 விநாடிக்குள் ஆசிரியர் அடுத்த பிள்ளைக்குத் தாவினால் கோட்டின் மேல் ஒரு புள்ளி. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு பெரும்பாலும் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 விநாடி ஆக்கினால் பதில்கள் நீள்கின்றன, தயங்கும் பிள்ளைகளும் வாய் திறக்கிறார்கள் என்றும் 1970களிலேயே காட்டிவிட்டார். புள்ளி வைப்பது அதற்காகத்தான்.

தாளில் இனம் எழுதக் கூடாது. பாடம் முடிந்தபின் வகுப்பாசிரியரே தன் பிள்ளைகளை மனத்தில் வைத்துத் தாளைப் படிப்பார். மொத்தக் கோடுகளை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். எண்ணிக்கை சமமாக இருந்தும் சாய்கோடெல்லாம் ஒரே மூலையில் குவிந்திருக்கலாம். ஆறாம் வாரம் முக்கால் மணி நேரம் கூடிப் பேசி, ஆளுக்கு ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, ஒன்பதாம் வாரம் மீண்டும் பார்க்கலாம்.

இது கெடும் வழிகள் இரண்டு. துறைத்தலைவர் வந்து பார்வையாளராக உட்கார்ந்தால் அது பணி மதிப்பீடு ஆகிவிடும், ஆசிரியர் நடிக்கத் தொடங்குவார். சக ஆசிரியர் பார்க்கட்டும், தாள் வகுப்பாசிரியரிடமே இருக்கட்டும், கோப்புக்குப் போக வேண்டாம். மற்றொன்று விழுக்காடு போடும் ஆசை. 40 பேர் வகுப்பில் நான்கைந்து இந்தியப் பிள்ளைகள் இருந்தால், ஒரு பாடத்தின் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. குறைந்தது மூன்று பாடவேளைகள் வேண்டும்.

“நான் நிறம் பார்ப்பதில்லை” என்று தொடங்குவது

தொடங்காதீர்கள். பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

“சும்மா விளையாட்டுக்குச் சொன்னான்”

“விளக்கை அணைத்தால் உன்னைக் கண்டுபிடிக்க முடியாது” என்பதுபோன்ற கேலி வகுப்பில் விழும்போது ஆசிரியருக்குக் கிடைப்பது பத்து விநாடி. கொள்கை விளக்கம் அங்கே உதவாது, வாயில் பழகிய வாக்கியம்தான் உதவும். பயிற்சியில் இருவர் இருவராக உரக்கச் சொல்லிப் பழகட்டும்: “அந்தப் பேச்சு இந்த வகுப்பில் வேண்டாம். பாடம் முடிந்ததும் என்னை வந்து பார்.” கேலிக்கு ஆளான பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும். எல்லார் முன்னாலும் “உனக்கு வருத்தமா?” என்று கேட்டால், “இல்லை” என்றுதான் பதில் வரும்.

வெளிநாட்டுப் பயிற்சியை அப்படியே இறக்குவது

எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, “வீட்டில் புத்தகங்கள் இருந்தனவா? ஓர் அடி முன்னே வா” என்று நகர்த்தும் பயிற்சி அமெரிக்காவில் பரவலானது. இங்கே ஆசிரியர் அறையில் செய்தால், கடைசியில் பின்வரிசையில் நிற்கும் இரண்டு மூன்று பேரை எல்லாரும் திரும்பிப் பார்ப்பதுதான் மிச்சம். யார் கதை என்று தெரியாத அரைப்பக்க நிகழ்வுகளை எழுதிக் கொடுத்துப் பேசவிட்டால் அதே பயன் கிடைக்கும், யாரும் கூனிக்குறுக வேண்டியதில்லை.

இனவாரித் தேர்ச்சி வரைபடத்தைக் காட்டிவிட்டு அடுத்த பக்கம் போவது

காரணம் பேச நேரமில்லையென்றால் வரைபடமும் வேண்டாம்.

பெயர்

‘s/o’, ‘d/o’வுக்குப் பின்னால் இருப்பது தந்தை பெயர். அதைக் குடும்பப் பெயர் என்று எண்ணிப் பிள்ளையை அப்பா பெயரால் கூப்பிடுவது இன்னும் நடக்கிறது. முதல் வாரத்திலேயே பிள்ளையிடம் கேட்டு, ஒலிப்பைப் பதிவேட்டின் ஓரத்தில் குறித்து வைக்கலாம். இடைக்கால ஆசிரியருக்கும் அதே நகல் போக வேண்டும்.

வகுப்பாசிரியர்களை மட்டும் அழைப்பது

தமிழ் வகுப்பு நடத்தாத பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் பிற்பகலில் வேறு நிலையத்துக்குப் போய்த் தமிழ் படிக்கிறார்கள். இணைப்பாட நடவடிக்கைத் தேர்வும் கூடுதல் வகுப்பும் அதே பிற்பகலில் விழுந்தால், அந்தப் பிள்ளை எதையாவது விட்டாக வேண்டும். இதை முடிவு செய்பவர் வகுப்பாசிரியர் அல்லர். அட்டவணை போடுபவரும் இணைப்பாட நடவடிக்கைப் பொறுப்பாளரும்தான். அவர்களைப் பயிற்சியின் முதல் கால் மணி நேரத்துக்காவது உட்கார வைத்து, தமிழுக்கு வெளியே போகும் பிள்ளைகளின் பட்டியலையும் கிழமைகளையும் ஜனவரி முதல் வாரத்திலேயே, அட்டவணை இறுதியாகும் முன், கையில் கொடுத்துவிட வேண்டும்.