அமெரிக்க ஓவியம் ஒன்றைப் பற்றிய பழைய கடிதங்களைத் தேடிப் பிடிப்பது எப்படி? தொடக்கநிலையாளருக்கான செய்முறை

அமெரிக்க ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ் 1940-41இல் வரைந்த ‘தி மைக்ரேஷன் சீரிஸ்’ என்ற தொடரில் 60 சிறு பலகைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12க்கு 18 அங்குலம். தென் மாநிலங்களை விட்டு வடக்கு நகரங்களுக்குக் கிளம்பிப்போன கறுப்பின மக்களின் கதை அது. இன்று இரட்டை எண் பலகைகள் 30 நியூயார்க்கின் மோமா அருங்காட்சியகத்திலும், ஒற்றை எண் பலகைகள் 30 வாஷிங்டனின் ஃபிலிப்ஸ் கலெக்‌ஷனிலும் உள்ளன. விற்றது யார், எந்தக் கேலரி (ஓவிய விற்பனைக் கூடம்) வழியாக, அந்தக் காகிதங்கள் இப்போது எங்கே? இந்தக் கேள்வியையே பயிற்சியாக எடுத்துக்கொள்வோம்.

தேடல் பெரும்பாலும் நடக்கப்போவது ஆர்க்கைவ்ஸ் ஆஃப் அமெரிக்கன் ஆர்ட் என்ற காப்பகத்தில். 1954இல் டெட்ராய்ட்டில் தொடங்கி, 1970இல் ஸ்மித்சோனியன் என்ற அமெரிக்க அருங்காட்சியக நிறுவனத்தோடு இணைந்தது. அங்கே சேர்த்து வைத்திருப்பது கடிதம், கணக்குப் புத்தகம், புகைப்படம், நாட்குறிப்பு, நேர்காணல் பதிவு போன்றவை. ஓவியங்களைப் பார்க்க அங்கே போக வேண்டாம். நிறையத் தொகுப்புகளை வீட்டிலிருந்தபடியே இணையத்தில் இலவசமாகப் புரட்டலாம்.

படி 1: விற்றவரைக் கண்டுபிடியுங்கள்

புதிதாக வருபவர்கள் ஓவியத்தின் பெயரைத் தேடுபெட்டியில் அடித்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். காப்பகத்தில் காகிதங்கள் அடுக்கப்பட்டிருப்பது அவற்றை வைத்திருந்த ஆள் அல்லது நிறுவனத்தின் பெயரில்தான். ஆகவே முதலில் அந்தப் பெயர் வேண்டும்.

இந்தத் தொடருக்கு மோமா தரும் விவர வரியில் ‘திருமதி டேவிட் எம். லெவியின் நன்கொடை’ என்றிருக்கும். அது நன்கொடையாளரின் பெயர், விற்றவர் அவரல்ல. படைப்பு யார் யாரிடம் கைமாறி வந்தது என்பதைத் தனியாகத் தரும் பகுதி இருந்தால் அதைப் படியுங்கள். இந்தத் தொடரை விற்பனைக்குக் கொண்டுபோனது டவுன்டவுன் கேலரி. ஈடித் ஹால்பர்ட் 1926இல் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் தொடங்கியது அது.

படி 2: அன்றைய பெயரை எழுதிக்கொள்ளுங்கள்

இந்தத் தொடரை இன்று எல்லோரும் ‘தி மைக்ரேஷன் சீரிஸ்’ என்கிறார்கள். 1941இல் அதன் பெயர் ‘தி மைக்ரேஷன் ஆஃப் த நீக்ரோ’. இன்று நாம் ஒதுக்கிவைத்த சொல்தான். ஆனால் அந்தக் காலக் காகிதத்தில் அதுதான் இருக்கும் என்பதால் தேடும்போது தவிர்க்க முடியாது.

ஆட்களின் பெயரும் இப்படி மாறும். ஓவியர் மார்க் ராத்கோ 1940 வரை ராத்கோவிட்ஸ். ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கை மணந்த ஓவியர் லீ க்ராஸ்னரின் குடும்பப் பெயரில் முதலில் ‘எஸ்’ இரண்டு; பின்னாளில் வந்த கடிதங்களில் ‘திருமதி ஜாக்சன் பொல்லாக்’ என்றே இருக்கலாம். பொல்லாக்கின் படங்கள் இன்னும் சிக்கல். இன்று ‘நம்பர் 1ஏ, 1948’ எனப்படுவது முதலில் வெறும் ‘நம்பர் 1’. அடுத்த ஆண்டுப் படங்களோடு குழம்பாமலிருக்க ‘ஏ’ பிற்பாடு சேர்ந்தது. எண்ணை மட்டும் நம்பினால் வேறொரு படத்தின் ரசீதை எடுத்துவிடுவீர்கள். எண்ணோடு அளவையும் ஒப்பிடுங்கள்.

படி 3: கடிதம் பெற்றவரிடம் இருக்கும்

இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. லாரன்ஸ் கேலரிக்கு எழுதிய கடிதம் கேலரியின் தொகுப்பில் இருக்கும். கேலரி அவருக்கு எழுதியது அவருடைய தொகுப்பில் இருக்க வேண்டும். கேலரி கார்பன் நகல் வைத்திருந்தால் அங்கும் கிடைக்கும். இரண்டு பக்கமும் தேடுங்கள்.

தொகுப்பின் தலைப்பில் இரண்டு ஆண்டு வரம்புகள் இருப்பதைக் கவனியுங்கள். முதலாவது, மிகப் பழைய காகிதத்திலிருந்து மிகப் புதியது வரை. இரண்டாவதுதான் முக்கியம்: பெரும்பகுதி எந்த ஆண்டுகளைச் சேர்ந்தது என்பது அது. லாரன்ஸும் மனைவி க்வெண்டொலின் நைட்டும் விட்டுச்சென்ற தொகுப்பில் பெரும்பகுதி 1970களுக்குப் பிந்தையது. 1941ஐத் தேடுபவர் கேலரியின் தொகுப்பிலிருந்து தொடங்குவதே நல்லது.

படி 4: விவரப் பட்டியலைப் படியுங்கள்

ஒவ்வொரு பெரிய தொகுப்புக்கும் ‘ஃபைண்டிங் எய்ட்’ என்ற விவரப் பட்டியல் உண்டு. நேராகப் பெட்டிப் பட்டியலுக்குத் தாவாமல், முன்னால் இருக்கும் குறிப்பை முழுதாகப் படியுங்கள். கடிதங்கள் தேதிவாரியாக அடுக்கப்பட்டுள்ளனவா, பெயர்வாரியாகவா என்பது அங்கேதான் இருக்கும். தெரியாமல் இறங்கினால் ஒரு நாள் வீண்.

அளவை ‘லீனியர் அடி’யில் சொல்வார்கள், அலமாரியில் அது அடைக்கும் நீளம். ஓர் அடிக்கு வழக்கமான காப்பகப் பெட்டி சுமார் இரண்டரை என்று வைத்துக்கொள்ளலாம். டவுன்டவுன் கேலரி தொகுப்பு 100 அடிக்கு மேல். முழுவதையும் படிக்க நினைக்காதீர்கள். கடிதம், ஓவியர் கோப்பு, வணிகப் பதிவு ஆகிய மூன்று பிரிவுகளில் மட்டும் முதலில் தேடுங்கள்.

படி 5: தேதியைக் குறுக்கிக்கொண்டு புரட்டுங்கள்

ஸ்கேன் செய்த படங்களுக்குள் சொல்லைத் தேட முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பட்டியல் ஃபோல்டர் வரைதான் கொண்டுபோய் விடும். அதற்குள் பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் படிக்க வேண்டும். அதனால் தேதி வரம்பு அவசியம். ‘ஃபார்ச்சூன்’ இதழ் 1941 நவம்பரில் 26 பலகைகளை வெளியிட்டது; கேலரியின் காட்சி டிசம்பரில்; இரு அருங்காட்சியகங்களும் வாங்கியது 1942இல். ஆக, 1941 நடுவிலிருந்து 1942 இறுதிவரை போதும்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை: கன்சைன்மென்ட் தாளை விற்பனை ரசீது என்று நினைப்பது. கன்சைன்மென்ட் தாள் என்பது ஓவியத்தை விற்றுத்தரச் சொல்லி ஒப்படைத்ததற்கான தாள். உரிமை இன்னும் ஓவியரிடமே. அதேபோல் விலைப் பட்டியலில் இருப்பது கேட்ட விலை. கொடுத்த விலைக்கு இன்வாய்ஸ் (விற்பனைச் சீட்டு) அல்லது கணக்குப் புத்தகப் பதிவு வேண்டும். ஓவியத்தின் பின்பக்க லேபிளில் கேலரியின் சரக்கு எண் இருந்தால், பெயரைவிட அந்த எண்ணைப் பின்தொடர்வது பாதுகாப்பு.

படி 6: வேறோர் இடத்தில் சரிபாருங்கள்

மோமா 1929 முதல் நடத்திய கண்காட்சிகளுக்கு இணையத்தில் தனித்தனிப் பக்கங்கள் வைத்திருக்கிறது. பல பக்கங்களில் படைப்புப் பட்டியல், பத்திரிகைச் செய்தி, அரங்கப் புகைப்படம் எல்லாம் உண்டு. எல்லாக் கேலரியும் ஸ்மித்சோனியனில் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். நோட்லர் கேலரியின் சரக்குப் புத்தகங்கள் லாஸ் ஏஞ்சலிஸில் கெட்டி ஆய்வு நிறுவனத்தில். புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸ், ஓவியர் ஓ’கீஃப் கடிதங்கள் யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கி நூலகத்தில்.

படி 7: எடுத்த உடனே குறித்துக்கொள்ளுங்கள்

படத்தைப் பதிவிறக்கிய கையோடு இந்த வரிசையில் எழுதுங்கள்: யார் யாருக்கு எழுதியது, தேதி, பெட்டி எண், ஃபோல்டர் எண், தொகுப்பின் பெயர், காப்பகம். பழைய நூல்களில் மைக்ரோஃபிலிம் (காகிதங்களைச் சிறிதாக்கிப் படமெடுத்த சுருள்) ரீல் எண்ணும் ஃப்ரேம் எண்ணும் மட்டும் இருக்கும். பெட்டி எண்ணோடு அது பொருந்தாது. ஆள் பெயரையும் தேதியையும் வைத்து மறுபடி தேட வேண்டும்.

வெளியிடும் எண்ணம் இருந்தால் பதிப்புரிமையையும் பாருங்கள். கடிதம் காப்பகத்தில் இருந்தாலும் எழுத்தின் உரிமை எழுதியவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோதான். வெளிவராத கடிதங்களுக்கு அமெரிக்கச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள்வரை உரிமை உண்டு. ஹால்பர்ட் 1970இல் மறைந்தார். அவருடைய கடிதங்களுக்கு 2040 முடியும்வரை உரிமை இருக்கிறது. லாரன்ஸ் மறைந்தது 2000இல். அவருடைய கடிதங்களுக்கு 2070 முடியும்வரை.