தோட்ட ஆபீஸில் தரவுப் பாதுகாப்புப் பயிற்சி நடத்துவது எப்படி

மலையகத்தில் ஒரு தோட்ட ஆபீஸிலோ, தேயிலை ஃபெக்டரியிலோ, கடன் கொடுக்கும் சின்ன நிறுவனத்திலோ தரவுப் பாதுகாப்புப் பயிற்சி நடத்தும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், கொழும்புத் தலைமையகம் அனுப்பிய ஸ்லைடுகளை முதலில் மூடி வையுங்கள். அவை ஈமெயில், கிளவுட், வெப்சைட் என்றுதான் போகும். இங்கே ஆட்களின் விவரங்கள் கிடப்பது வேறு இடங்களில். செக்ரோல் (தினமும் வேலைக்கு வந்தவர்களைப் பதியும் சம்பளப் பேரேடு), சம்பளச் சிட்டை, பிள்ளை மடுவத்து (குழந்தைக் காப்பகத்து) ரெஜிஸ்டர், டிஸ்பென்சரி நோட்டு, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் பட்டியல், சுப்பர்வைசரின் போனில் இருக்கும் வாட்ஸ்அப் குரூப், டவுனில் போட்டோக் கொப்பி, ஈமெயில் வேலைக்குப் போகும் கொமியூனிகேஷன் கடைக்காரரின் கொம்பியூட்டர். பயிற்சி அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆகவே பயிற்சிக்கு முந்தைய வாரம் ஒரு வேலை செய்யுங்கள். ஆபீஸில் நேரம் எடுத்து உட்கார்ந்து, எந்தெந்தக் கடதாசியில் யாருடைய என்ன விவரம் இருக்கிறது, அதை யார் யார் பார்க்கிறார்கள், ராத்திரியில் அது எங்கே இருக்கிறது, பழையது எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். பெரிய கிளாக்கருக்குத் தெரியாத அலுமாரிகளும் இருக்கும், அவற்றைப் பற்றி வாச்சரிடம் கேளுங்கள். பழைய செக்ரோல் தாள்கள் கட்டுக்கட்டாக ஸ்டோரில் கிடக்கின்றனவா, கடலை சுற்றும் கடைக்குப் போகின்றனவா என்பதுகூட இந்தச் சுற்றில்தான் தெரியவரும். இந்தப் பட்டியலே உங்கள் பாடப்புத்தகம். இது இல்லாமல் பயிற்சிக்குப் போகவே வேண்டாம்.

சட்டத்தைப் பற்றி எவ்வளவு சொல்வது

பத்து நிமிடம் போதும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதை மேற்பார்வை செய்ய தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை இருக்கிறது. 2025 மார்ச்சில் அமலுக்கு வருவதாக இருந்த முக்கிய பகுதிகள் தள்ளிப்போடப்பட்டன, அதனால் பயிற்சி நடக்கும் நாளில் எந்தப் பகுதி அமலில் இருக்கிறது என்பதை அதிகாரசபையின் அறிவிப்பைப் பார்த்து உறுதிசெய்துவிட்டுப் போங்கள், பழைய தேதியை ஸ்லைடில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். 2022 சட்டத்தின்படி மீறல் ஒன்றுக்கு 1 கோடி ரூபா வரை தண்டப்பணம் வரலாம் என்பதைச் சொல்லுங்கள், ஆனால் அதை வைத்துப் பயமுறுத்த வேண்டாம். பயந்த கிளாக்கர் ஏதாவது தவறு நடந்தால் மறைக்கத்தான் பார்ப்பார், நமக்கோ அவர் உடனே வந்து சொல்ல வேண்டும்.

இரண்டு விஷயங்களை மட்டும் நன்றாகப் புரியவையுங்கள். முதலாவது, சில விவரங்களைச் சட்டம் தனியாகப் பிரித்துக் கூடுதல் பாதுகாப்புக் கேட்கிறது: இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம், ஆளை அடையாளம் காணப் பயன்படும் கைரேகை போன்றவை, குற்ற வழக்கு விவரம், பிள்ளைகளின் விவரம். இரண்டாவது, விவரத்துக்குச் சொந்தக்காரர் அந்த விவரத்தைக் கேட்டுப் பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தச் சொல்லலாம். இந்தத் திருத்தும் உரிமையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், மலையகத்தில் அதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

இன்னொரு தப்பான எண்ணத்தையும் அங்கேயே உடைத்துவிடுங்கள். ஆளிடம் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வாங்கிவிட்டால் எல்லாம் சரி என்று பல ஆபீஸ்களில் நினைக்கிறார்கள். வேலை கொடுப்பவர் நீட்டும் தாளில் ஒரு தொழிலாளி எப்படி மறுப்பார்? ஈபிஎப்புக்கு (ஊழியர் சேமலாப நிதிக்கு) விவரம் கொடுப்பது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி செய்யவேண்டிய கடமை, அதற்குச் சம்மதத் தாள் தேவையே இல்லை. மாறாக, பெண்களின் படத்தைக் கம்பெனி விளம்பரத்தில் போடுவதற்கு உண்மையான சம்மதம் வேண்டும், வேண்டாம் என்று சொன்னால் அவருக்கு எந்த நட்டமும் வரக்கூடாது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் கிளாக்கர்மாருக்கு உடனே விளங்கும்.

யாரை, எப்போது, எந்த மொழியில்

எல்லோரையும் ஒரே ஹோலில் உட்காரவைக்காதீர்கள். துரை (தோட்ட மேலாளர்) முன்னால் இருந்தால் கங்காணி (தொழிலாளர்களை மேய்க்கும் மேற்பார்வையாளர்) வாய் திறக்க மாட்டார், டிஸ்பென்சரியில் நடப்பதை ஃபெக்டரி ஆட்கள் முன்னால் பேசவும் முடியாது. கிளாக்கர்மார் ஒரு குழு, வெளிக்கள சுப்பர்வைசர்களும் கங்காணிமாரும் ஒரு குழு, டிஸ்பென்சரி, மிட்வைஃப், பிள்ளை மடுவத்து அக்காமார் ஒரு குழு. துரைக்கும் சின்னதுரைக்கும் தனியாக நடத்துங்கள், கட்டாயம் நடத்துங்கள், ஏனென்றால் "அந்த லிஸ்ட்ட குரூப்ல போடுங்க" என்ற உத்தரவு பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான் வரும். ஒரு அமர்வு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சம்பள வாரத்திலும் கொழுந்து கூடும் மாதங்களிலும் வைக்காதீர்கள்.

தமிழில் நடத்துங்கள், சிங்களம் பேசும் ஊழியர்கள் இருந்தால் அவர்களுக்குச் சிங்களத்தில் தனியாக நடத்துங்கள். பாதி ஆங்கிலத்தில் ஓடும் பயிற்சியில் எல்லோரும் தலையாட்டுவார்கள், திங்கட்கிழமை பழையபடியே நடக்கும்.

அமர்வில் செய்ய வேண்டியவை

அடையாள அட்டையில் தொடங்குங்கள். போர்டில் 1992 என்று எழுதி அதற்குப் பக்கத்தில் 563 என்று எழுதுங்கள், யாருடைய எண்ணாகவும் இருக்கக்கூடாது, மீதியை எழுதவே வேண்டாம். இந்த ஏழு இலக்கத்தில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கு பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தில் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே இது 1992இல், வருடத்தின் 63ஆவது நாளான மார்ச் 3இல் பிறந்த ஒரு பெண். வெறும் நம்பர்தானே என்று நினைத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியவர்களுக்கு இது ஒன்றே போதும். அடையாள அட்டைக் கொப்பியை வைத்து யார் பெயரிலோ சிம் எடுக்கலாம், கடன் எடுக்கலாம் என்பது கடன் குழுக்கள் சுற்றிவரும் லயங்களில் இருப்பவர்களுக்கு நீங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதனால் கொப்பி வாங்கும்போது, இன்ன தேவைக்கு, இன்ன தேதி என்று அதன் குறுக்கே எழுதும் பழக்கத்தை அங்கேயே செய்து பழக்குங்கள். தேவை பார்ப்பது மட்டும் என்றால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், கொப்பி வேண்டாம்.

அடுத்தது சம்பளச் சிட்டை. கற்பனைப் பெயரில் ஒன்றைத் தயாரித்து ஆளுக்கொன்று கொடுத்து, இதிலிருந்து இந்த ஆளைப் பற்றி என்னென்ன தெரிகிறது என்று எழுதச் சொல்லுங்கள். முதலில் சம்பளம், எத்தனை பேர் (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்) போட்டிருக்கிறது, எத்தனை கிலோ என்பதோடு நிறுத்துவார்கள். கொஞ்சம் தள்ளிவிடுங்கள். கோயில் சந்தாவா சர்ச் சந்தாவா என்பதில் மதம் தெரிகிறது. சங்கச் சந்தாவில் எந்தச் சங்கம் என்பது தெரிகிறது, நம் பகுதியில் சங்கமும் கட்சியும் ஒட்டியே இருப்பதால் அரசியலும் தெரிகிறது. அட்வான்ஸ் கழிவில் வீட்டுக் கஷ்டம் தெரிகிறது, பிரசவப் பணத்தில் உடல்நிலை தெரிகிறது. ஒரு சின்னத் துண்டுத் தாளில் சட்டம் விசேஷமாகக் காக்கச் சொல்லும் விவரங்களில் பாதி இருக்கிறது. இதைப் பார்த்தபிறகு, சிட்டைகளை மேசையில் பரப்பிவைத்து "உங்களோடத எடுத்துக்கங்க" என்று சொல்லும் வழக்கம் ஏன் நிற்கவேண்டும் என்று விளக்கத் தேவையே இருக்காது. மடித்து, ஸ்டேப்ளர் அடித்து, பெயர் மட்டும் வெளியே தெரியக் கொடுப்பதற்கு அரை மணி நேரம் கூடுதலாகப் போகும். போகட்டும்.

இப்போது பெயர்ப் பிழை. தரவுப் பாதுகாப்பு என்றால் விவரம் வெளியே கசியாமல் பார்ப்பது என்றுதான் எல்லாப் பயிற்சிகளும் சொல்கின்றன. பிழையான விவரத்தை வைத்திருப்பதும் அதே அளவு மீறல்தான், எங்கள் மக்களைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய கொடுமை. செக்ரோலில் ராமாயி, பிறப்புச் சான்றிதழில் ராமாய், அடையாள அட்டையில் ஆங்கில எழுத்துக்கூட்டலே வேறு, தகப்பன் பெயர் ஒன்றில் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்த ஒரு அம்மா 50 வயதில் ஈபிஎப் எடுக்கப் போகும்போது, இருவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம், ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் பஸ் என்று அலைகிறார், எப்போதோ ஆபீஸில் யாரோ அவசரத்தில் எழுதிய ஒரு எழுத்துக்காக. ஆகவே அமர்வில் இதற்கு அதிக நேரம் கொடுங்கள். புது ஆளைப் பதியும்போது வாயால் கேட்டு எழுதக்கூடாது, அடையாள அட்டையைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுத வேண்டும், எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டவேண்டும். பழைய ஆட்களுக்கு வருடம் ஒருமுறை பெயர், அடையாள அட்டை எண், ஈபிஎப் எண் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் நாள் ஒன்றை வையுங்கள். யாராவது "என் பேரு பிழையா இருக்குங்க ஐயா" என்று வந்து நின்றால், அது சட்டம் கொடுத்த உரிமைக் கோரிக்கை. தேதி போட்டுப் புத்தகத்தில் பதிய வேண்டும், பதில் எழுத்தில் கொடுக்க வேண்டும். "பொறகு வாங்க" என்பது பதில் இல்லை.

கைரேகை மெஷின் இருக்கும் இடங்களில் ஒன்று சொல்லுங்கள்: பாஸ்வேர்ட் போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. அந்த மெஷினின் தரவு யாரிடம் இருக்கிறது, விற்ற கம்பெனி தூரத்திலிருந்து திறக்க முடியுமா என்று கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். கறை பிடித்துத் தேய்ந்த விரலை மெஷின் வாசிக்காமல் போகலாம், அந்த நாளுக்கு வேறு வழியில் பேர் பதியும் ஏற்பாடு கட்டாயம் இருக்க வேண்டும், மெஷினுக்காக யாருடைய நாள் பேரும் அரைப்பேராகக் கூடாது.

வாட்ஸ்அப்பை முழுதாகத் தடைசெய்யச் சொல்லாதீர்கள், யாரும் கேட்கமாட்டார்கள், மலைக்கு மலை செய்தி அனுப்ப வேறு வழியும் இல்லை. எது போகலாம், எது போகக்கூடாது என்று கோடு போடுங்கள். நாளைக்கு எந்த மலையில் வேலை என்பது போகலாம். அடையாள அட்டைப் படம், பேங்க் நம்பர், மெடிக்கல் துண்டு, பிள்ளைகளின் படம், யார் ஏன் வேலைக்கு வரவில்லை என்ற விளக்கம் போகக்கூடாது. மண்சரிவு, வெள்ளம் என்று வந்தால் நிவாரணப் பட்டியல்கள் போன் நம்பரோடும் பேங்க் கணக்கோடும் குரூப் குரூப்பாகப் பறக்கும், உதவி செய்யும் அவசரத்தில் யாரும் யோசிப்பதில்லை. அந்தப் பட்டியலை ஒருவர் பொறுப்பில் வைத்து, கேட்கும் அதிகாரிக்கு நேராக அனுப்பும்படி முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள்.

பிறகு ஒரு போன் கோல் நடிப்பு. ஒருவர் வெளியே போய் ஆபீஸுக்குக் கோல் எடுக்கட்டும்: "பேங்க்ல இருந்து பேசுறேன் தம்பி, உங்க தோட்டத்து அக்கா ஒருத்தரோட ஐடி நம்பர் கொஞ்சம் சொல்லுங்க, இன்னைக்கே லோன் குளோஸ் பண்ணணும்." சரியான பதில் இவ்வளவுதான்: "பேர் விவரம் போன்ல சொல்றதில்லைங்க ஐயா, கடிதம் அனுப்புங்க, பேங்க் நம்பருக்கு நாங்களே எடுக்கிறோம்." இந்த வசனத்தை எல்லோரும் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லவேண்டும். தெரிந்திருந்தும், மரியாதையாக மறுக்க வார்த்தை வராததால்தான் பலர் விவரத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

டிஸ்பென்சரிக் குழுவுக்கு நீளமாகப் பேச வேண்டியதில்லை. யார் கர்ப்பம், யாருக்கு என்ன மருந்து என்பது ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்பவர் காதில் விழக்கூடாது. ஆபீஸுக்கு லீவு எத்தனை நாள் என்று மட்டும் போனால் போதும், நோயின் பெயர் போகத் தேவையில்லை.

தவறு நடந்தால்

போன் தொலைந்தது, பென் டிரைவ் காணவில்லை, சம்பள ஃபைல் தப்பான ஆளுக்குப் போனது. இப்படி மூன்று சம்பவங்களைத் துண்டில் எழுதிக் கொடுத்து, முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். யாருக்கு முதலில் சொல்வது என்ற பெயரும் போன் நம்பரும் ஒவ்வொரு மேசையிலும் இருக்க வேண்டும். அதிகாரசபைக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அறிவிப்பதா என்பதை முடிவுசெய்வது நிறுவனத்தின் வேலை, கிளாக்கரின் வேலை மறைக்காமல் உடனே சொல்வது. சொன்னவரைத் திட்டக்கூடாது என்பதைத் துரையின் வாயாலேயே அவர் அமர்வில் சொல்ல வையுங்கள்.

விவரம் அழிந்துபோவதும் இதே கணக்குத்தான். 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, மண்ணுக்குள் எத்தனை பேர் என்று கணக்கெடுப்பதே பெரும்பாடாகிப் போனது. குடியிருப்பாளர் பட்டியல், செக்ரோல், ஈபிஎப் விவரங்களின் பிரதி ஒன்று, பாஸ்வேர்ட் போட்டு, அந்த மலையைவிட்டு வெளியே வேறு இடத்தில் இருக்கிறதா என்று பயிற்சி முடியும் முன் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அன்றைக்கே எடுத்து அனுப்புங்கள்.

பயிற்சிக்குப் பிறகு

வந்தவர்கள் பெயர், தேதி, சொல்லிக்கொடுத்தது என்ன என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள், யாராவது கேட்டால் காட்ட அது வேண்டும். ஆனால் பயிற்சி ஏறியதா என்று தெரிய, ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் ஒரு சுற்றுப் போங்கள். நோட்டீஸ் போர்ட், போட்டோக் கொப்பி மெஷினின் மூடிக்கு அடியில், குப்பைக் கூடை, திறந்து கிடக்கும் கொம்பியூட்டர், கொமியூனிகேஷன் கடையில் லொக் அவுட் செய்யாமல் விட்ட ஆபீஸ் ஈமெயில். கண்டதைப் பெயர் சொல்லாமல் அடுத்த அமர்வுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

தொழிலாளர்களுக்கும் ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் மஸ்டர் நேரத்திலேயே பேசலாம். உங்கள் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, அடையாள அட்டைக் கொப்பியை யார் கேட்டாலும் ஏன் என்று கேளுங்கள், இவ்வளவு சொன்னால் போதும். கேட்கத் தெரிந்த ஆட்கள் வந்து நிற்கும்போது ஆபீஸ் தானாகவே சரியாக எழுதத் தொடங்கும்.

கடைசியாக இடமாற்றம். ஒரு கிளாக்கரோ சின்னதுரையோ வேறு தோட்டத்துக்குப் போகும் நாளில் சாவி வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். குரூப்களிலிருந்து அவரை எடுக்க வேண்டும், அட்மின் மாற வேண்டும், அவர் சொந்தப் போனில் இருக்கும் பட்டியல்களையும் படங்களையும் உங்கள் முன்னாலேயே அழிக்கச் சொல்ல வேண்டும், கொம்பியூட்டர் பாஸ்வேர்டை அன்று மாலைக்குள் மாற்ற வேண்டும். புதிதாக வருபவருக்கு முதல் வாரத்திலேயே, செக்ரோலைக் கையில் கொடுப்பதற்கு முன், இந்தப் பயிற்சியைக் கொடுத்துவிடுங்கள்.