பொன்னாடையும் முட்டைத் தட்டும்: பண்ணைக் குடும்பங்களை மேடையேற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் விடுமுறை முடிவதற்குள்ளேயே சிங்கப்பூரின் சமூக மன்றங்களில் பொங்கல் பேச்சு தொடங்கிவிடும். கரும்பு எத்தனை கட்டு, பறைக்கு யார், சிறப்பு விருந்தினர் எத்தனை மணிக்கு வருவார். எங்கள் குழுவில் ஓர் ஆண்டு இந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்தது. உழவர் திருநாள் என்று சொல்லிக்கொண்டு உழவரே இல்லாமல் விழா எடுக்கிறோமே, லிம் சூ காங் பக்கத்திலிருந்து ஒரு பண்ணைக் குடும்பத்தை அழைத்துப் பொன்னாடை போர்த்தினால் என்ன என்று ஒருவர் கேட்டார். பள்ளித் தோட்டத் திட்டங்களுக்கு உதவுகிறவர்களையும் அதே மேடையில் கௌரவிக்கலாம் என்றார் இன்னொருவர். எல்லாருக்கும் பிடித்துப்போனது. அந்த ஒரு மாலையில் நாங்கள் செய்த தவறுகளை எண்ண இரண்டு கைவிரல்கள் போதாது. இதில் வருவதில் பாதி அன்று கற்றது.

முதல் கோளாறு தேதியில். பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. சீனப் புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரும். இங்குள்ள பண்ணைக் குடும்பங்களில் பெரும்பாலோர் சீனர்கள். புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில்தான் அவர்களுக்குத் தலைக்குமேல் வேலை. அன்னாசிப் பலகாரம் சுடுகிறவர்கள் முட்டையைத் தட்டுத் தட்டாக வாங்குவார்கள். கடலில் மீன் வளர்ப்பவர்கள் ஆண்டு முழுக்கக் காத்திருப்பதே அந்த விருந்துச் சாப்பாட்டுக்காகத்தான். செடி விற்பவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அந்த நேரம் பார்த்து, "மாலை ஏழு மணிக்கு வந்துவிடுங்கள், உங்களைக் கௌரவிக்கப் போகிறோம்" என்று நாம் போன் போடுகிறோம். தீபாவளிக்கு முந்தின வாரம் லிட்டில் இந்தியாவில், தேக்காவில் துணிக்கடை வைத்திருப்பவரை யாராவது பரிசு வாங்கக் கூப்பிட்டால் எப்படி இருக்கும், அப்படி.

அவர்கள் மறுக்கவும் மாட்டார்கள். மரியாதைக்கு வருவார்கள். நாங்கள் அழைத்த இரண்டு குடும்பங்களில் ஒன்று ஆறே முக்காலுக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டது. சிறப்பு விருந்தினருக்கு வேறொரு நிகழ்ச்சி. நடனம் ஒன்று, பாட்டு இரண்டு, மறுபடியும் நடனம். அவர்கள் முறை வந்தபோது மணி ஒன்பதே கால். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வேலை பார்த்த பெரியவர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். மேடைக்கு அழைத்தபோது மகன்தான் தட்டி எழுப்பினார்.

இதற்கு மாற்று எளிது. பொங்கல் மேடையில் பெயரை மட்டும் அறிவியுங்கள். விருந்தை மார்ச் பள்ளி விடுமுறையில், ஒரு ஞாயிறு மதியத்தில் வையுங்கள். கௌரவிப்பை நிகழ்ச்சியின் முதல் அங்கமாக்கி, முடிந்ததும் அவர்கள் கிளம்ப விரும்பினால் விட்டுவிடுங்கள். முடிந்தால் நீங்களே போய்ப் பார்ப்பதும் மரியாதைதான். ஆனால் அதற்கும் அனுமதி வேண்டும். முட்டைப் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் அச்சம் காரணமாக வெளியாட்களை அவ்வளவு எளிதில் உள்ளே விடமாட்டார்கள். அறுபது பேரைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வாசலில் போய் இறங்குவது அன்பு ஆகாது, தொந்தரவு.

நெல்வயல் படம்

அன்று மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய பதாகை. பச்சை நெல்வயல், ஏர், இரண்டு காளைகள், தலைப்பாகை கட்டிய உழவர். அதற்கு முன்னால் நாங்கள் நிறுத்திய இரண்டாவது குடும்பம் ஜொகூர் நீரிணையில் மிதவைக் கூண்டுகளில் மீன் வளர்க்கிறது! அவர்கள் வாழ்நாளில் ஏர் பிடித்ததில்லை. படகு பிடிப்பார்கள், வலை தைப்பார்கள், பாசி பெருகித் தண்ணீர் கெட்டால் ஒரே இரவில் மீன்கள் செத்து மிதப்பதைப் பார்ப்பார்கள். அதைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை இல்லை. உழவைப் புகழும் பழம்பாடல் இரண்டு மட்டும் கணீரென்று ஒலித்தது.

நம் மனத்தில் விவசாயி என்றால் தஞ்சாவூர்தான். அதில் தப்பில்லை. ஆனால் சிங்கப்பூரின் நிலப்பரப்பில் விவசாயத்துக்கு உள்ளது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. இங்கே பண்ணை என்றால் முட்டை, மீன், கீரை வகை, கொஞ்சம் ஆட்டுப்பால், காளான். அவற்றில் முட்டைதான் சாதனை: நாம் சாப்பிடும் முட்டைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று, விரல்விட்டு எண்ணக்கூடிய சில பண்ணைகளில் இங்கேயே இடப்பட்டது. இதைச் சொன்னாலே கூட்டம் நிமிர்ந்து உட்காரும். யாரைக் கௌரவிக்கிறோமோ அவருடைய பண்ணையில் எடுத்த படத்தைப் பின்னணியில் போடுங்கள்.

தமிழர் கதை வேண்டுமென்றால் அதுவும் இங்கேயே இருக்கிறது. தேக்காவைச் சுற்றி ஒரு காலத்தில் மாட்டு வணிகம் கொடிகட்டிப் பறந்தது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்கள் அதன் எச்சம். நம்மில் பலர் பிறந்த மருத்துவமனையின் பெயரில் உள்ள 'கண்டாங் கெர்பாவ்' என்பதற்கு மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள். இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

நிகழ்ச்சி நெறியாளர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. நாட்டின் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை 2030-க்குள் உள்ளூரிலேயே விளைவிப்பது என்ற பழைய இலக்கை இன்னும் சிலர் மேடையில் வாசிக்கிறார்கள். 2019-ல் அறிவித்த அந்த இலக்கை 2025 நவம்பரில் மாற்றிவிட்டார்கள். இப்போதுள்ளது 2035-க்கானது: நாம் உண்ணும் நார்ச்சத்து உணவுகளில் (காய்கறி, காளான் போன்றவை) 20 விழுக்காடு, புரத உணவுகளில் (முட்டை, மீன் போன்றவை) 30 விழுக்காடு உள்ளூரில் விளைய வேண்டும். இலக்கு ஏன் மாறியது என்பது முன்வரிசையில் இருக்கும் அந்தக் குடும்பத்துக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

அதைவிட முக்கியமான ஒன்று. "அடுத்த தலைமுறையும் இந்தப் பண்ணையைத் தொடருமா?" என்று மைக்கை நீட்டிக் கேட்காதீர்கள். கேட்பவருக்கு அது வாழ்த்து. கேட்கப்படுபவருக்குப் புண்ணில் விரல். இங்கே பண்ணை நிலம் குத்தகை. லிம் சூ காங்கில் 62 பண்ணைகள் ராணுவப் பயிற்சிக்கு இடம் விட வேண்டும் என்று 2014-ல் அறிவிப்பு வந்தது. பிறகு கெடு சில முறை நீண்டது. சிலர் வேறிடம் போனார்கள், சிலர் தொழிலையே விட்டார்கள். அதற்கும் முன்பு பன்றி வளர்த்த குடும்பங்கள் இருந்தன. 1980-களில் அரசாங்கம் அந்தத் தொழிலை நிறுத்த முடிவெடுத்தபோது அவற்றில் சில ஆடு, கோழி, மீன் என்று மாறிக்கொண்டன. குத்தகை எப்போது முடிகிறது, புதுப்பிப்பார்களா என்பதெல்லாம் குடும்பத்துக்குள் இரவில் பேசிக்கொள்ளும் விஷயம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர், யாருடைய பெயர்

சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். அதை அறியாமல் கடைசிச் சொல்லோடு 'திரு' சேர்த்து அழைப்பது அடிக்கடி நடக்கிறது. எப்படி உச்சரிப்பது என்று முதல் நாளே கேட்டுத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். கேடயத்தில் தமிழில் மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். அவர்கள் வீட்டு அலமாரியில் அது யாராலும் படிக்கப்படாமல் நிற்கும்.

குடும்பத்தைக் கௌரவிக்கிறோம் என்று அழைப்பிதழில் போட்டுவிட்டு மேடையில் அப்பாவுக்கு மட்டும் பொன்னாடை போர்த்துகிறோம். கணக்குப் பார்ப்பது மனைவி, ஆர்டர் எடுப்பது மகள், லாரி ஓட்டுவது மருமகன். யார் யார் மேடைக்கு வர வேண்டும் என்பதை அவர்களிடமே கேளுங்கள். எங்கள் ஆண்டில் அந்த அம்மா கீழே நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் உறுத்தியது. பின்வரிசையில் நின்றுகொண்டிருந்த தம்பிகள், கட்டுமானத் தளங்களில் வேலை பார்ப்பவர்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, திருவாரூர் என்று ஊர் சொல்வார்கள். அரங்கில் நிஜமாகவே களத்துமேட்டில் வளர்ந்தவர்கள் அவர்கள்தான். பொங்கல் பானை பொங்கும்போது அடுப்பைக் கிண்டிவிட அவர்களை அழைத்தோம், உட்கார நாற்காலி போடவில்லை.

இலவசமாகக் கேட்பது

இதுதான் எல்லாவற்றிலும் மோசம், இதுதான் அதிகம் நடப்பதும். "உங்களைக் கௌரவிக்கிறோம், அப்படியே விழாவுக்கு இருநூறு முட்டை நன்கொடையாகத் தர முடியுமா?" என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டேவிட்டார். அவர்கள் தந்தார்கள். பொன்னாடையின் விலை இருபது வெள்ளிகூட இராது. முட்டையின் விலையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதே விழாவில் சாம்பாருக்குப் போன காய்கறி முழுக்க வெளிநாட்டிலிருந்து வந்தது. கரும்புக்கும் மஞ்சள் கொத்துக்கும் வேறு வழியில்லை. ஆனால் பாயம், காங்கோங், சாய் சிம் போன்ற கீரைகள், முட்டை, மீன், இவையெல்லாம் இங்கேயே விளைகின்றன. உள்ளூர் விளைச்சலுக்கென்று தனி முத்திரை இருக்கிறது; பேரங்காடியில் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். சமையல்காரரிடம் ஒரு மாதம் முன்பே சொல்லி, பண்ணையிடம் விலை கொடுத்து வாங்குங்கள். கீரைக் கூட்டு இன்னாருடைய பண்ணையிலிருந்து வந்தது என்று பரிமாறும் மேசையில் ஓர் அட்டை வையுங்கள். எனக்குத் தெரிந்து அந்த அட்டையைவிடப் பெரிய கேடயம் இல்லை. உழவுக்கு மரியாதை செலுத்துகிறோம் என்று பேசிவிட்டு விளைச்சலுக்குப் பணம் கொடுக்கத் தயங்குவது என்ன கணக்கோ.

பிள்ளைகளுக்குக் கைகொடுத்தவர்கள்

இங்கே கிராமம் இல்லை, ஆகவே கிராமத்து இளையர் திட்டம் என்று தனியாக ஒன்றும் இல்லை. ஆனால் பள்ளித் தோட்டங்கள் இருக்கின்றன, தேசியப் பூங்காக் கழகம் 2005-ல் தொடங்கிய திட்டத்தின்கீழ் புளோக்குகளுக்கு அடியில் சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன, மாணவர்களைச் சேற்றில் இறக்கிவிடும் பண்ணைகளும் கிராஞ்சிப் பக்கம் உண்டு.

இவற்றுக்கு உதவியவர்கள் என்றதும் காசோலை கொடுத்தவர் பெயர்தான் முதலில் வருகிறது. காசோலை வேண்டும்தான். ஆனால் ஆண்டிறுதியில் ஆறு வாரம் பள்ளி பூட்டிக் கிடக்கும்போது யார் தண்ணீர் ஊற்றினார்? பாதுகாவலரோ, பணி ஓய்வு பெற்ற ஆசிரியரோ, பக்கத்து புளோக் பாட்டியோ. அவரைக் கண்டுபிடியுங்கள். தன் சிறு லாரியில் மண் மூட்டை ஏற்றிவந்து காசு வாங்காமல் போனவரையும்.

நன்கொடையாளரிடம், "250 விழுக்காடு வரிக்கழிவு கிடைக்கும்" என்று மேடையில் அள்ளிவிடாதீர்கள். பொதுநல அமைப்பு என்ற தகுதி பெற்ற அறநிறுவனத்துக்கோ, உள்ளூர்ச் சமூகநலனுக்காக அரசாங்கத்துக்கோ கொடுக்கும் தகுதியுள்ள நன்கொடைக்கு மட்டுமே அது பொருந்தும். உங்கள் குழுவுக்கு அந்தத் தகுதி இல்லையென்றால் வாயைத் திறக்காமல் ரசீது மட்டும் கொடுப்பது நல்லது.

பிள்ளைகளை வேட்டி சேலையில் வாசலில் நிறுத்திப் பன்னீர் தெளிக்க வைக்கிறோம். தோட்டம் போட்டவர்கள் அவர்கள். பேச வேண்டியவர்களும் அவர்களே. அமெரிக்காவில் 1902-ல் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பள்ளிக் கண்காணிப்பாளர் சிறுவர்களுக்காகத் தொடங்கிய விவசாய மன்றம் பின்னால் 'ஃபோர்-எச்' என்ற பெரிய இயக்கத்தின் பகுதியானது. தலை, இதயம், கை, உடல்நலம் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து அது. அங்கே ஒரு பழக்கம் உண்டு: வளர்க்கும் செடிக்கோ கன்றுக்கோ பிள்ளையே கணக்குப் புத்தகம் எழுத வேண்டும். என்ன செலவு, எது செத்தது, எது விற்றது. நம் பிள்ளைகளிடமும் அப்படி ஒரு நோட்டைக் கொடுத்து, அதில் ஒரு பக்கத்தை மேடையில் வாசிக்கச் சொல்லலாம்.

அதற்குச் செடி அறுவடை வரை வளர வேண்டும். நாற்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியே பார்க்காத ஒருநாள் கூத்துக்கு யாருக்கும் விருது கொடுக்காதீர்கள். பாயமும் காங்கோங்கும் மூன்று நான்கு வாரத்தில் பறிக்கத் தயார். பள்ளித் தவணை பத்து வாரம். முதல் இரண்டு வாரத்துக்குள் விதைத்தால் விடுமுறைக்கு முன் இரண்டு முறைகூடப் பறிக்கலாம்.

நினைவுப் பரிசாகத் தொட்டிச் செடி கொடுப்பது அழகான யோசனை. அடித்தட்டு இல்லாத தொட்டியாகக் கொடுங்கள். தட்டில் தேங்கும் தண்ணீரில் கொசு முட்டையிட்டு, டெங்கி சோதனைக்கு வரும் அதிகாரியிடம் அந்தப் பாட்டி அபராதம் கட்ட நேர்ந்தால், நம் கௌரவம் அவருக்கு நன்றாக நினைவிருக்கும்.

அடுத்த ஆண்டு அழைப்புக்குப் பண்ணைக்குப் போன் செய்வதானால் சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள் கழியட்டும். காலை வேலையும் அனுப்பும் வேலையும் முடிந்து, மதியச் சாப்பாடும் ஆகியிருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். எடுப்பவர் பெரும்பாலும் அந்த அம்மாவாகத்தான் இருப்பார்.