பழைய நிலக்கரி ரயில் தடத்தைக் கண்டுபிடிக்க

இங்கிலாந்தின் டர்ஹாம் பக்கம் கைவிடப்பட்ட நிலக்கரி ரயில் தடங்களைப் பார்க்கப் போகிறீர்களா? கிளம்பும் முன் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டன் அரசு நில அளவைத் துறையின் பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காசு கிடையாது.

தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டாலும் மண் அணைத்த மேடும், குன்றை வெட்டிய பள்ளமும் சுலபத்தில் அழியாது. வயல்களுக்கு நடுவே மெல்ல வளைந்து போகும் மரவரிசை பெரும்பாலும் பழைய தடம்தான். நேராக மேடேறினால், அந்தப் பக்கத்துப் பழைய நிலக்கரிப் பாதையான போவ்ஸ் ரயில்பாதையில் இருந்ததுபோல வண்டிகளைக் கயிற்றால் இழுத்த சரிவாக இருக்கலாம்.

பின்னாளில் திறந்தவெளிச் சுரங்கம் தோண்டிய இடங்களில் இது உதவாது, நிலமே புரண்டுபோயிருக்கும். அப்புறம், தடம் தெரிந்தால் மட்டும் நடக்க உரிமை வந்துவிடாது. பல இடங்கள் தனியார் நிலம், இன்றைய வரைபடத்தில் பொதுப்பாதைக் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.